வந்து போவதற்கு ஒரு சொல்

இந்த ஆண்டு உரைபெயர்ப்புப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் பதினொரு பேர் என்று கேள்விப்பட்டேன். அதில் நான்கு பேர் மருத்துவமனைகளுக்குப் போகப்போகிறீர்களாம். இதை முக்கியமாக அந்த நான்கு பேருக்காக எழுதுகிறேன். மற்ற ஏழு பேர் படித்தாலும் நஷ்டமில்லை.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வதும், நோயாளி தமிழில் சொல்வதை மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொல்வதும்தான் வேலை. சிங்கப்பூரில் இருபத்தாறு ஆண்டுகள் அதைச் செய்தேன். நரம்பின் பெயர், எலும்பின் பெயர் எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றால் எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு சாதாரணச் சொல். 'டிரான்சியன்ட்'.

மருத்துவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். வந்து, சிறிது நேரம் இருந்து, போய்விடுகிற எதற்கும் இந்தச் சொல் பொருந்தும். லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'குறுக்கே கடந்து போவது' என்று பொருள். மருத்துவமனைக்கு வெளியேயும் அதற்கு வேலை உண்டு. ஒரு பருவத்துக்கு மட்டும் இந்தத் தீவில் இறங்கிவிட்டுப் பறந்துபோகும் பறவைகளை அப்படிச் சொல்வார்கள். மின்கம்பியில் ஒரு கணம் எகிறி அடங்கும் மின்னழுத்தத்தை அப்படிச் சொல்வார்கள். இங்கே வேலைக்கு வந்து திரும்பிப் போகும் வெளிநாட்டு ஊழியர்களையும் இதே சொல்லால் குறிப்பதுண்டு.

தமிழில் இதற்கு என் குறிப்பேட்டில் பதினான்கு சொற்கள் எழுதி வைத்திருந்தேன். 'தற்காலிக' என்பதுதான் முதலில் வாயில் வரும். வடமொழியிலிருந்து வந்தது, 'அந்த நேரத்துக்கு உரியது' என்று பொருள். 'கணநேர' என்பதில் இருக்கும் கணமும் வடமொழிதான். 'நொடிப்பொழுது' நம்முடையது. விரலை நொடிக்க ஆகும் நேரம். 'இமைப்பொழுது' கண்ணை மூடித் திறக்க ஆகும் நேரம். 'அநித்தியம்' என்று மருத்துவமனையில் சொன்னால் நோயாளியின் மனைவி அழ ஆரம்பித்துவிடுவார். 'நிலையற்ற' என்றால் கட்டில் ஆடுகிறதோ என்று குனிந்து பார்ப்பார்கள். இரண்டும் எனக்கு நடந்திருக்கின்றன.

இந்தப் பதினான்கையும் பலமுறை எண்ணிப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. நம் சொற்களில் பெரும்பாலானவை எவ்வளவு நேரம் என்பதை அளந்து சொல்கின்றன. அந்த ஆங்கிலச் சொல் எதையும் அளப்பதில்லை. கடந்து போகிறது என்று மட்டும் சொல்கிறது. எங்கே போகிறது, திரும்பி வருமா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. ஆனால் கேட்கிறவரின் காதில் 'இனி வராது' என்றுதான் விழும். உங்கள் காதிலும் அப்படித்தான் விழும். என் காதிலும் விழுந்தது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டேகாலுக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். நோயாளி ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். நாற்பத்தொரு வயது. தஞ்சாவூர்ப் பக்கம். நாம் நோயாளிகளின் பெயரை வெளியே சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே வெல்டர் என்றே எழுதுகிறேன்.

அன்று காலை நம் தமிழ்க் கடைத்தெருவான தேக்காவில் ஒரு சாமான் கடையில் நின்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஊரில் தங்கையின் கல்யாணம். அப்பா இல்லை, இவர்தான் மூத்தவர். செவ்வாய்க்கிழமை விமானம். பெட்டிக்குப் போர்வை, சோப்பு, தைலப் புட்டி என்று எடுத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலது கை துவண்டிருக்கிறது. பேச்சு குழறியிருக்கிறது. கடைக்காரர் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வெல்டர் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை மேலே தூக்கித் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், நல்லாத்தான் இருக்கு. சும்மா புடிச்சு வச்சிருக்காங்க."

மருத்துவர் ஒரு சீனப் பெண். என் மகளைவிட இளையவர், ஆனால் அவசரப்படாமல் பேசினார். அவர் சொன்னதை நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். "உங்களுக்கு வந்தது தற்காலிகமா வந்தது. மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு, அப்புறம் சரியாயிருக்கு. ஆனா இது பெரிய பக்கவாதத்துக்கு முன்னால வர்ற எச்சரிக்கையா இருக்கலாம். நான் உங்களை வார்டுல சேர்க்கணும். ஸ்கேன் எடுக்கணும்."

"எத்தனை நாள்?"

"ரெண்டு, மூணு நாள். அப்புறம் விமானத்துல போறதைப் பத்திப் பேசலாம்."

"செவ்வாய்க்கெழம ஃபிளைட்டுன்னு சொல்லுங்க சார்."

சொன்னேன். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஏதோ அவசரம். மருத்துவர் "ஐந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடிப் போனார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். அதனால் நிதானமாகப் படியுங்கள். மருத்துவர் வெளியே போனால் உரைபெயர்ப்பாளரும் வெளியே போக வேண்டும். இது நம் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மையார் இதில் கண்டிப்பானவர். நோயாளி "அய்யோ" என்றால் அந்த "அய்யோ"வையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவார். மருத்துவர் கழிவறைக்குப் போனால்கூட இவர் நடைபாதையில் போய்ச் சுவரோரமாக நிற்பார். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் வெளியே போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. காலையிலிருந்து அது எனக்கு மூன்றாவது நோயாளி. முட்டி வலி. உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தால் பேச்சு வரும். தங்கையைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளை கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இருபத்தெட்டு மாதமாக ஊருக்குப் போகவில்லை. பெட்டி, சாமான் எல்லாம் அந்தக் கடையிலேயே கிடக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, டாக்டர் சொல்றது இருக்கட்டும். நீங்க நம்ம ஆளு, நீங்க சொல்லுங்க. இது வந்துட்டுப் போயிடுச்சுல்ல?"

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். "இதை டாக்டர்கிட்ட கேப்போம் தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் 'சார்' என்பதை விட்டுவிட்டு 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டார். கண்ணில் அவ்வளவு கலக்கம். நான் சொன்னது இதுதான்.

"போயிடுச்சு தம்பி. பயப்படாதீங்க."

மூன்று சொல். மூன்றும் உண்மை போலவே இருக்கின்றன. நோயாளிக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னதில் எனக்கே மனம் லேசானது. மருத்துவர் திரும்பி வந்தார். வார்டில் இடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். வெல்டரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஒன்று பத்துக்கு நான் கிளம்பிவிட்டேன். அடுத்தது கிழக்கே, பிடோக் தாண்டி, இரண்டரைக்கு.

ரயிலில் நான்காவது நிறுத்தம் வரும்போது கைப்பேசி அடித்தது. அவசரப் பிரிவின் மூத்த தாதி. மலாய்ப் பெண்மணி, என்னைப் பல ஆண்டுகளாகத் தெரிந்தவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"அங்கிள், உங்க ஆளு ஓடிட்டாரு லா! பாத்ரூம் போறேன்னு சைகை காட்டினாரு. கையில ஊசிக் குழாய் வேற அப்படியே இருக்கு. போன் பண்ணினா எடுத்துட்டு, 'ஓகே, ஓகே, நோ ப்ராப்ளம்'ங்கறாரு, வச்சிடறாரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. திரைக்குள் நாங்கள் இருவர்தான் இருந்தோம். இருபத்துநான்கு ஆண்டுகளில் என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். அந்த மனிதரின் மூளையைப் பற்றி நினைப்பதற்கு முன் அதைத்தான் நினைத்தேன்.

"அவர் என்கிட்ட சொன்னது இருக்கட்டும், சிஸ்டர். நான் அவர்கிட்ட ஒன்னு சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து, அந்த மூன்று சொல்லையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர், "நாற்காலியில உட்கார்ந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"ம்ம். எங்க போயிருப்பாரு?"

"தேக்காவுக்கு. பெட்டி அங்கதான் இருக்கு."

தவறு செய்தவுடன் செய்ய வேண்டியவற்றை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். முதலில், தவறை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். அது முடிந்தது. இரண்டாவது, அடுத்த நோயாளியை நடுத்தெருவில் விடக்கூடாது. சக ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டரை மணி வேலையை ஒப்படைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டார். மூன்றாவது, நோயாளியை நாமாகத் தேடிப் போகக்கூடாது. அதுவும் விதிதான். "மருத்துவமனை உங்களை அனுப்புதுன்னு நான் எழுதிக்கறேன், போங்க" என்று தாதி சொன்ன பிறகே எதிர்த்திசை ரயிலில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேக்காவில் ஒருவரைத் தேடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல்தரையில், நடைபாதையில், கடை வாசலில் எல்லாம் ஆண்கள். எல்லோரும் யாருடனோ ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கையிலாவது ஊசிக் குழாய் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். பெட்டி விற்கும் கடைகள் அந்தத் தெருக்களில் எத்தனை என்று அன்றுதான் எண்ணினேன். ஆறாவது கடையில் அவர் இருந்தார்.

கூரையில் தொங்கும் தராசில் பெட்டியை மாட்டிக் கடைக்காரர் எடை பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருந்தார். குழாயை மறைக்கத்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே! நீங்களும் சாமான் வாங்க வந்தீங்களா?"

"உங்களைத்தான் தேடி வந்தேன், தம்பி. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அட போங்கண்ணே. நீங்கதானே போயிடுச்சுன்னீங்க?"

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். அந்தத் தெருவில் எல்லோருக்கும் 'பாய்'. அவர் தராசை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு, இவருதான் போயிடுச்சுன்னு சொன்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல, பாய். டாக்டர் பேசறதைத் தமிழ்ல சொல்றவன்."

"அப்ப டாக்டர் சொல்லலையா?"

"சொல்லல. அது நான் சொன்னது. டாக்டர் சொன்னதுக்கு நடுவுல என் சொந்தப் பேச்சைச் சேர்த்துட்டேன். தப்பு என்னோடது."

வெல்டரின் முகம் சுருங்கியது. "இப்ப பயமுறுத்தறீங்க. அங்க ஆறுதல் சொன்னீங்க. எதைண்ணே நம்பறது?"

நியாயமான கேள்வி. நான் இப்போது எவ்வளவு பயமுறுத்தினாலும் அதுவும் என் சொந்தப் பேச்சுதான். ஒரு தப்பை இன்னொரு தப்பால் அடைக்கப் பார்ப்பேன். தாதியைக் கூப்பிட்டு, மருத்துவரிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொன்னேன். மூன்று நிமிடம் காத்திருந்தோம். ஒலிபெருக்கியைப் போடும் முன் வெல்டரிடம் கேட்டேன், பாய் இருக்கலாமா என்று.

"இருக்கட்டும். இன்னிக்கி என்னையத் தூக்கி உட்கார வச்சதே அவருதான்."

பெட்டிகளுக்குப் பின்னால், மூவரும் தலைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். 'டாக்டர் சொல்றாங்க' என்று நாம் சொல்வதில்லை. அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்போம். அப்படியே சொன்னேன், ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல்.

"போனது உங்க கை துவண்டுபோனது மட்டும்தான். அதை வரவழைச்சது எதுன்னு நான் இன்னும் பாக்கலை. அது உள்ளயே இருக்கலாம்."

வெல்டர் கைப்பேசியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போனா செத்துடுவேனான்னு கேளுங்க."

கேட்டேன். வந்த பதில் சின்னது. நானும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது."

இருபத்தாறு ஆண்டுகளில் என் வாயிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகளில் இதைவிடக் கடினமானது இல்லை. ஒரு 'ஒருவேளை'யாவது சேர்க்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். மருத்துவர் தொடர்ந்தார், நானும் தொடர்ந்தேன்.

"முதல் ரெண்டு நாள்தான் எனக்கு ரொம்பக் கவலை. மறுபடி வந்தா, நீங்க என் பக்கத்துல இருந்தா நான் ஏதாவது செய்யலாம். நடுவானத்துல இருந்தா என்னால ஒன்னும் செய்ய முடியாது."

வெல்டர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். இருபத்தெட்டு மாதம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். "மூத்தவன் நான்தாண்ணே. நான் இல்லாம..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு மறுபடியும் அதே கேள்விக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் கைப்பேசியிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்கன்னு உரைபெயர்ப்பாளரை நோயாளி கேக்கறாரு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அடேங்கப்பா, அதையும் போட்டுக் குடுத்துட்டாரே!"

மருத்துவர் சொன்னதை நான் தமிழில் சொல்லித்தானே ஆக வேண்டும்? முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன். "அவரைக் கேக்காதீங்க. அவரு ஏற்கெனவே தப்பா சொல்லியிருக்காரு. என்னைக் கேளுங்க."

வெல்டர் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல்முறையாக. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "சரி. வர்றேன்னு சொல்லுங்க."

"பெட்டி எங்கயும் போகாது தம்பி" என்றார் பாய். "வருசமானாலும் இங்கயே இருக்கும். நீ மொதல்ல அந்தக் குழாய எடுக்கச் சொல்லு, பாக்கவே பயமா இருக்கு."

டாக்சியில் அவரை அழைத்துக்கொண்டு போகும்போது மணி மூன்று ஐந்து.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, வார்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது, மறுபடி வந்தது. முந்தின நாளைவிடப் பலமாக, போகிற அவசரமே இல்லாமல். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த தாதி ஸ்பூன் கீழே விழுந்த சத்தத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறார். சில நிமிடங்களில் எல்லோரும் வந்துவிட்டார்கள். பேச்சு அன்று மாலையே திரும்பியது. வலது கை மெல்ல மெல்லத் திரும்பியது, இரண்டு விரல்களைத் தவிர.

என் தவறுக்கு விசாரணை நடந்தது. அரை மணி நேரம், மூன்று பேர். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம்.

அந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழை எடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். அச்சில் என்றால் 'தற்காலிக' போதும். வாயால் சொல்லும்போது 'வந்துட்டுப் போயிருக்கு' என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் மருத்துவர்கள் அந்தச் சொல்லைத் தனியாக விடுவதே இல்லை, கவனித்துப் பாருங்கள். அடுத்த வாக்கியம் 'ஆனால்' என்றுதான் ஆரம்பிக்கும். நோயாளி முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவார். நோயாளி அந்த இரண்டாவதையும் காதில் வாங்கும்வரை மருத்துவரை நகரவிடாதீர்கள். மருத்துவர் நகர்ந்துவிட்டால் நீங்களும் நகர்ந்துவிடுங்கள், நாற்காலி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வெள்ளிக்கிழமை நான் வார்டுக்குப் போனேன். "அங்கிள், இன்னிக்கு யாரும் உங்களைக் கூப்பிடலையே?" என்றார் அங்கிருந்த தாதி. பார்வையாளராக வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகூர்த்தம் ஊர் நேரம் ஒன்பதேகால். நமக்குப் பதினொன்றே முக்கால். வழியில் பாயின் கடைக்குப் போயிருந்தேன். அவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை என் கையில் வைத்தார். பச்சரிசியில் மஞ்சள்தூளைப் பிசைந்து, அழகாக முடிச்சுப் போட்டிருந்தார். "ஒங்க கல்யாணத்துல இதத்தானே போடுவீங்க? சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். மஞ்சள் கொஞ்சம் அதிகம்தான். நான் சொல்லவில்லை.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, தண்ணீர்க் குடுவையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். ஊரில் யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முதலில் பந்தலின் கூரை தெரிந்தது, பிறகு ஒரு வாழைமரம், பிறகு யாருடைய முழங்கையோ. "கொஞ்சம் கீழ இறக்குடா!" என்று வெல்டர் இங்கிருந்து கத்தினார். பக்கத்துக் கட்டில்களின் நோயாளிகள், ஒரு சீனத் தாத்தாவும் ஒரு மலாய்க்காரரும், எட்டிப் பார்த்தார்கள். தங்கையின் முகம் திரைக்கு வந்தது. "அண்ணே, தெரியுதா? அண்ணே, நான் தெரியறேனா?" என்று மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியற, தெரியற. அழாத, மை கலையுது."

கெட்டிமேளம் கேட்டது. நான் பையை அவிழ்த்து நீட்டினேன். அவர் இடக்கையால் வாங்கி வலக்கைக்கு மாற்றினார். நான் "இடது கையிலயே போடலாமே" என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். இரண்டு விரல் மடங்கவில்லை. பாதி அரிசி அந்த இடுக்கு வழியாகப் போர்வையிலேயே கொட்டிவிட்டது. மீதிப் பாதி, திரையில் இருந்த தங்கையின் தலையில் விழுந்தது.